குஞ்சு விடுவதா, மடுவைக் காப்பதா? டெல்டாவில் ஆற்று மீனுக்கு முதல் செலவு எது

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடும், ஜூன் 12-ல் திறக்கும். நடுவே 135 நாள். குடிநீருக்கென்று விடும் கொஞ்சத் தண்ணீர் டெல்டாவின் கிளை ஆறுகளுக்கு வந்து எட்டுவதில்லை. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி எல்லாம் மார்ச் பிறப்பதற்குள் மணல் தெரியக் கிடக்கும். கொள்ளிடத்தில் மட்டும் ஆங்காங்கே குட்டையும் மடுவும் நிற்கும். தண்ணீருக்குக் குறைவில்லாத ஆண்டிலேயே இப்படி. 2024-ல் அணை திறந்ததே ஜூலை 28-ல்தான்.

ஆற்றில் மீன் அற்றுப்போய்விட்டது, ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊராட்சியோ, உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கமோ, பாசன விவசாயிகள் சங்கமோ கூடிப் பேசும்போது நான்கு யோசனைகள் முன்னுக்கு வருகின்றன. மீன்குஞ்சு வாங்கி விடுவது, கோடையில் தண்ணீர் நிற்கும் மடுக்களைக் காப்பது, மீன் மேலே ஏறிவர மதகிலும் கதவணையிலும் வழி செய்வது, வலைக்கும் காலத்துக்கும் கட்டுப்பாடு வைப்பது. நான்கும் தேவைதான். ஆனால் கையில் இருக்கும் பணமும் ஆளும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எதை எடுப்பது என்பதே கேள்வி.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டெல்டா ஆறுகளில் இன்று குறைவாக இருப்பது குஞ்சு அல்ல. அந்த 135 நாள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க ஓர் இடமும், தண்ணீர் வந்ததும் திரும்பிப் போக ஒரு வழியும்தான் குறைவு. ஆகவே முதல் பணம் மடுவுக்கு. இரண்டாவது முயற்சி ஷட்டர்களுக்கு, அதற்குப் பணத்தைவிடப் பேச்சுதான் அதிகம் வேண்டும். குஞ்சு விடுவது கடைசி. காரணங்களைப் பார்ப்போம்.

குஞ்சு விடுதல்

ஏரியிலும் குளத்திலும் குஞ்சு விடுவது நல்ல வேலை, அதில் மறுபேச்சு இல்லை. ஆறு வேறு. நவம்பர் கடைசியில் 10,000 விரலளவு குஞ்சுகளைக் கிளை ஆறு ஒன்றில் விட்டதாக வைத்துக்கொள்வோம். ஜனவரி முடிவில் தண்ணீர் வடியத் தொடங்கும்போது அவை ஆற்றுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கட்லா, ரோகு, மிருகால் எல்லாம் முட்டையிடும் பக்குவத்துக்கு வர இரண்டாவது ஆண்டு ஆகும். நிற்க மடு இல்லாத ஆற்றில் அவற்றில் ஒன்றுகூட அந்த வயதைத் தொடாது. அடுத்த ஆண்டும் வாங்கிவிட வேண்டும், அதற்கடுத்த ஆண்டும். ஆற்றில் இனம் பெருகுவதில்லை, செலவு மட்டும் ஆண்டுதோறும் வருகிறது.

இனத்தையும் பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் காவிரிக்குச் சொந்தமானவை அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. காவிரியின் வெண்கெண்டைக்கு மிருகால் நெருங்கிய உறவு. தேடும் இடமும் தீனியும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு மடுவில் இரண்டும் நெருக்கிக்கொண்டு கிடந்தால் எண்ணிக்கையில் மிகுந்தது வெல்லும், பண்ணையிலிருந்து மூட்டை மூட்டையாக வருவது எதுவோ அதுதான் மிகுந்திருக்கும். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று டெல்டாவில் கால் வைக்காத வாய்க்கால் இல்லை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, வீட்டுத் தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் இரண்டும் குஞ்சுப் பையோடு கலந்து வர வாய்ப்புண்டு. உள்ளே விட்டபின் திருப்பி எடுக்க முடியாத செயல் இது ஒன்றுதான். மற்ற மூன்று வழிகளிலும் தவறு நடந்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம்.

இறால், மட்டி, நத்தைக்கு இதனால் நேரடிப் பயன் எதுவும் கிடையாது.

அப்படியும் விடத்தான் வேண்டும் என்றால், அல்லது அரசின் மீன்வளத் திட்டம் ஒன்றில் குஞ்சு கிடைக்கிறது என்றால், மூன்றைக் கேட்டு வாங்குங்கள். நாட்டினம் வேண்டும், அதுவும் சேல்கெண்டை, வெண்கெண்டை போலக் காவிரியில் உள்ளதே வேண்டும். தாய்மீன் காவிரியில் பிடித்ததாக இருக்க வேண்டும். குஞ்சு 8 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உளுவைக்கும் விராலுக்கும் இரை. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி பிராணவாயு. பயணத்துக்கு முந்தைய நாள் தீனி நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழிவால் பைத் தண்ணீர் கெட்டு, வழியிலேயே பாதி மயங்கிவிடும். ஆற்றில் பையைக் கட்டியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஆற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, தானாக நீந்திப் போக விடுங்கள். பாலத்தின் மேல் நின்று கொட்டக் கூடாது. வெயில் ஏறிய பிறகும் கூடாது. இவ்வளவு செய்தாலும் விடும் இடம் காவல் உள்ள மடுவாக இருந்தால்தான் பயன். அதாவது, குஞ்சு விடுவதற்கும் முதல் படி மடுதான்.

மடுவைக் காத்தல்

எல்லாப் பள்ளமும் மடு ஆகாது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளுக்குச் சுமார் 6 மி.மீ. ஆவியாகும் என்று கணக்கு வைத்தால் 135 நாளில் 81 செ.மீ. போய்விடும். ஆகவே பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டையைக் காக்கச் செலவழிப்பது வீண். மே மாதம் அதில் சேறுதான் இருக்கும். அப்போது இரண்டு மீட்டராவது வேண்டும். அந்த ஆழம் கிடைக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை ஓரம், பாலத் தூணின் கீழ்ப்பக்கம், கதவணைத் தளத்தைத் தாண்டி வெள்ளம் குடைந்த பள்ளம்.

முதல் வேலை அளவுக்கோல். 10 செ.மீ.க்கு ஒரு கோடு வர்ணம் அடித்த மூங்கிலை ஆழமான இடத்தில் ஊன்றி, வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் படித்து எழுத வேண்டும். வாரத்துக்கு 4 செ.மீ. இறங்கினால் அது வெயில். 10 செ.மீ. இறங்கினால் மீதி 6 செ.மீ. மணலுக்குள் போகிறது, அல்லது யாரோ இறைக்கிறார்கள். வெயில் மட்டும் என்றால் இரண்டு மீட்டர் மடுவில் ஜூனில் 1.2 மீட்டர் மிஞ்சும், மீன் பிழைக்கும். 10 செ.மீ. கணக்கில் போனால் பத்தொன்பது வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். மணல் அள்ளி நிலத்தடி நீர் இறங்கிப்போன இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. மடுவின் தண்ணீர் தனித் தண்ணீர் அல்ல, பக்கத்து மணலுக்குள் இருக்கும் நீரின் மேல்முகம் அது. ஆகவே முதல் ஆண்டில் நான்கைந்து மடுக்களில் கோல் ஊன்றி, மார்ச் நடுவில் எது நிற்கிறது என்று பார்த்து, ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது.

தேர்ந்த மடுவிலும் கசிவு இருந்தால் தண்ணீர் சேர்க்கலாம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்றால் 800 சதுர மீட்டர். வாரத்துக்கு 6 செ.மீ. ஈடுகட்ட 48,000 லிட்டர் வேண்டும். நொடிக்கு 6 லிட்டர் தள்ளும் ஆயில் இன்ஜின் வாரத்தில் இரண்டேகால் மணி நேரம் ஓடினால் போதும். இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் எடுக்கும் போர் (ஆழ்குழாய்க் கிணறு) மடுவை ஒட்டி இருந்தால் மடுவின் தண்ணீரையே எடுத்து மடுவில் விடுவதாக முடியும், 200 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். போர்த் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு, குழாயை நேரே மடுவுக்குள் விடாமல் கருங்கல் அடுக்கின் மேல் சிதறி வழிய விடுங்கள். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பை இதற்குத் திருப்பாதீர்கள், சட்டச் சிக்கல் வரும். ஆயில் இன்ஜினோ சோலார் பம்போ சரி.

அடுத்தது ஒளிவிடம். இலை உதிர்த்துக் காயவைத்த சீமைக்கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கல் கோத்து, மடுவின் ஆழமான பாதியில் 3 மீட்டருக்கு ஒன்றாக இறக்குங்கள். பச்சை இலையோடு போட்டால் அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். முள் கட்டு இரண்டு வேலை செய்கிறது: சிறு மீனுக்கும் இறாலுக்கும் ஒண்ட இடம், வீச்சுவலைக்குத் தடை. முள் கிடப்பது தெரிந்தால் யாரும் வலையைக் கிழிக்க வரமாட்டார்கள். கரை ஓரம் தென்னை ஓலைப் பந்தல் போட்டு, நீர்ப்பரப்பில் கால் பங்குக்காவது நிழல் கொடுத்தால் மே மாதச் சூடு தணியும்.

ஆகாயத்தாமரையை முழுதாக எடுப்பதும் தப்பு, விட்டுவிடுவதும் தப்பு. மேற்பரப்பை அது முழுதாக மூடினால் இரவில் பிராணவாயு இறங்கி, விடியும் முன் மீன்கள் வாயை மேலே நீட்டித் திணறும். முழுதாக வழித்தால் நிழலும் போகும், வேரில் ஒட்டி வாழும் சிறு இறாலும் நத்தையும் தும்பிக் குஞ்சும் அதோடு கரையேறிக் காயும். கால் பங்கை ஒரு மூலையில் மூங்கில் கட்டி நிறுத்தி, மீதியை எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் தண்ணீர் ஓரத்திலேயே ஒரு இரவு போட்டுவைத்தால் அதிலிருக்கும் உயிர்களில் பல தாமாக இறங்கிவிடும். மறுநாள் குப்பைக்குழிக்கு அள்ளலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு மடுவைப் பார்ப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். பிராணவாயு லிட்டருக்கு 3 மி.கி.க்குக் கீழே போனால் கெண்டை, இறால் தாங்காது. அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் இறால் சொல்லிவிடும். தண்ணீரை விட்டுக் கரை விளிம்புக்கு வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. அவை நன்றாகத் துள்ளுகின்றன என்று பார்த்து மடு நலமாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. திணறல் தெரிந்தால் மடுத் தண்ணீரையே இன்ஜின் போட்டு எடுத்து, அதிகாலை மூன்று மணி முதல் ஆறு மணி வரை மேலிருந்து தெளித்து விடுங்கள். பொரி, சோறு, சாணம் எதையும் போடாதீர்கள்.

மடு சுருங்கச் சுருங்க நெரிசல் கூடும். அப்போது பிடிக்கவே கூடாது என்று நிற்பது அறிவல்ல. மார்ச் முடிய வாரம் ஒரு நாள், ஜிலேபியை மட்டும் தூண்டிலிலும் தெளிந்த பாதியில் வீச்சுவலையிலும் எடுக்க உள்ளூர் மீனவர்களுக்கே உரிமை கொடுக்கலாம். நெரிசல் குறையும். காவலுக்கும் அவர்களே துணை நிற்பார்கள்.

இந்த வழியில் பெரிய செலவு மூங்கிலோ முள்ளோ அல்ல, இராக்காவல்தான். பேட்டரி வைத்துக் கரண்ட் அடிப்பது, பிளீச்சிங் பவுடர் கொட்டுவது, தோட்டா போடுவது, இவற்றில் எது நடந்தாலும் மூன்று மாத உழைப்பு ஒரு இரவில் போகும். வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஆனால் நள்ளிரவில் மடுவைக் காப்பது சட்டப் புத்தகம் அல்ல, டார்ச்சோடு இருக்கும் இரண்டு ஆட்கள். காவலுக்குப் பணம் ஒதுக்காமல் மடுத் திட்டம் போடுவது வெளியூர் ஆட்களுக்கு மீனை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பதால் அங்கே இறங்கி வேலை செய்வது பகலில், கூட்டமாக, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு மட்டும்.

இன்னொரு இடி மே கடைசியில் வரும். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் தேடி மடுவில் இன்ஜினை இறக்குவார்கள். அவர்கள் தேவையும் உண்மையானது. ஆகவே கோலில் 1.2 மீட்டர் கோட்டுக்குச் சிவப்பு அடித்து, அதற்குக் கீழே இறைப்பதில்லை என்று முன்பே பேசி வைக்க வேண்டும். ஜனவரி 26 கிராம சபை இதற்கென்றே அமைந்த நாள், மேட்டூர் மூட இரண்டு நாள் முன்பு. அந்தத் தீர்மானத்தில் மடுவின் இடம், சிவப்புக் கோடு, காவல் கூலி, மீன் ஏலம் நடக்கும் இடமாக இருந்தால் மடுவை ஏலத்திலிருந்து விலக்குவது, நான்கும் எழுத்தில் இருக்கட்டும். ஆற்றுப் படுகை நீர்வளத் துறையுடையது, அவர்கள் அனுமதி இல்லாமல் பந்தல்கூடப் போட வேண்டாம்.

கடைசி ஆபத்து, எதிர்பார்த்துக் காத்திருந்த தண்ணீரே. கோடை முழுக்க ஆற்றில் தேங்கிய சாக்கடையையும் குப்பையையும் முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து மடுவில்தான் சேர்க்கும். அந்த ஓரிரு நாளில் மீன் செத்து மிதப்பது நீர் வந்ததால் அல்ல, நீருக்கு முன்னால் வந்த கழிவால். மேல்பக்கத்துச் சாக்கடை வாயை மே மாதத்திலேயே மண் மூட்டை போட்டுத் திருப்பி, மடுவுக்கு மேலே கிடக்கும் குப்பையை வாரிவிட்டால் பாதி ஆபத்து குறையும்.

மட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நீர் பின்வாங்கும் ஓரத்தில் ஈர மணலைக் குனிந்து பார்த்தால் விரல் அகலத்தில் கோணல் மாணலான வரி ஒன்று ஓடும். அது முடியும் இடத்தில் இரண்டு உதடு போல ஒரு சிறு பிளவு, உள்ளே மட்டி. நீரைத் துரத்திக்கொண்டு நகர்ந்து, முடியாமல் போன இடத்தில் புதைந்துகொள்கிறது. அடி மணல் ஈரமாக இருக்கும் வரை உயிர் தாங்கும். அதன் குஞ்சுகள் கொஞ்ச காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்ந்தால்தான் மட்டியாகும். ஆகவே மீன் போன ஆற்றில் கிழ மட்டிகள் மட்டும் சில ஆண்டு கிடந்து, பிறகு அதுவும் இல்லாமல் போகும். மீனையும் மட்டியையும் ஒரே இடத்தில் கோடை தாண்டவைக்கும் வழி மடு ஒன்றுதான். அதனால்தான் அதை முதலில் வைக்கிறோம்.

ஷட்டரும் மீன் ஏணியும்

ஆற்று இறாலின் வாழ்க்கை ஆற்றோடு முடிவதில்லை. சினை இறால் கழிமுகத்துக்கு இறங்கும், குஞ்சு உப்பு கலந்த நீரில்தான் பிழைக்கும், வளர்ந்தபின் மேலே ஏறும். விலாங்கு கடலில் பிறந்து ஆற்றுக்கு வருகிறது. கொடுவாவும் மடவையும் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருபவை. உல்லம் (ஹில்சா) ஒரு காலத்தில் கொள்ளிடத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன். இவற்றுக்குக் கல்லணையும் மேட்டூரும் மட்டும் தடை அல்ல. கழிமுகத்திலிருந்து எண்ணினால் முதல் தடை கடைமடை இயக்கு அணை, அடுத்து சின்னச் சின்ன நீரொழுங்கிகள், கொள்ளிடத்தில் 1836-ல் கட்டிய அணைக்கரைக் கீழணை.

தடை என்பது சுவரின் உயரத்தில் இல்லை, நீரின் வேகத்தில் இருக்கிறது. ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி அடியில் விடும்போது மேலுக்கும் கீழுக்கும் 1.5 மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் இருந்தால் நீர் நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் பாயும். எந்த ஆற்று மீனும் அதை எதிர்த்து ஏறாது. வித்தியாசம் 10 செ.மீ. ஆனால் வேகம் 1.4 மீட்டர், 5 செ.மீ. ஆனால் 1 மீட்டர். வளர்ந்த கெண்டை ஏற முடியும், சிறு மீன் ஓரமாக ஒட்டித் தப்பித்துப் போகும். ஆகவே எல்லா ஷட்டரையும் கால்வாசி தூக்குவதைவிட, வெள்ளம் மிகுந்து இரு பக்க மட்டமும் நெருங்கும் நாட்களில் கரையோர ஷட்டர் ஒன்றை இரவு முழுக்க முழுதாகத் தூக்கி வைப்பது மேல். விடும் நீரின் அளவு மாறாமல் மற்றதை அதற்கேற்ப இறக்கிக்கொள்ளலாம். இதற்குச் செலவு கிடையாது. உதவிப் பொறியாளரின் சம்மதமும், ஷட்டரை இயக்கும் லஸ்கருக்கு விவரம் புரிவதும்தான் வேண்டும். பகுதிவாரியாகத் தண்ணீரை மாற்றி மாற்றி விடும் முறைப்பாசன நாட்களில் இதைக் கேட்காதீர்கள், கிடைக்காது, கேட்பது நியாயமும் அல்ல.

மூடும் விதம் இன்னும் முக்கியம். தண்ணீர் நிற்கும் காலத்தில் ஷட்டரை ஒரே நாளில் இறக்கினால் மட்டம் சட்டென்று விழும். நடு ஆற்றில் மேயும் மீன் மடுவுக்கு வந்து சேர நேரமில்லாமல் ஆழமற்ற குழிகளில் மாட்டிக்கொள்ளும். நான்கு நாளில் நான்கு படியாக இறக்கினால் பெரும்பாலானவை ஆழத்தைத் தேடி வந்துவிடும். மடுத் திட்டத்தின் பலன் இந்த நான்கு நாளில்தான் இருக்கிறது.

கடைமடையில் கணக்கு வேறு. அங்கே ஷட்டர் இருப்பதே உப்பு நீர் வயலுக்குள் ஏறாமல் இருக்க. ஆகவே கோடையில் மீனுக்காகத் திற என்று யாரும் கேட்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில், ஆற்று நீர் கடலுக்கு வடியும் நாட்களில், மேல்மட்டம் கீழ்மட்டத்தைவிட ஒரு சாண் கூட இருக்கும்போது திறந்தால் உப்பு ஏறாது, கொடுவாவும் மடவையும் உள்ளே வரும்.

இறால் குஞ்சுக்கு வேறு ஒரு வழியும் உண்டு. இருட்டியபின் கதவணையின் கீழ்த்தளத்தில், நீர் பாயும் இடத்தில் அல்ல, பக்கச் சுவர் ஓரம் நீர் படலமாகக் கசியும் இடத்தில் விளக்கடித்துப் பாருங்கள். ஊசி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஈரச் சிமெண்டைப் பற்றி நடக்கும். சுவர் வழுக்கும் இடத்தில் எல்லாம் திரும்பி விழும். நியூசிலாந்தில் சிப்பி வளர்க்கும் சடைக் கயிறுகளைக் குழாய் மதகுகளில் தொங்கவிட்டு இறாலும் சிறு மீனும் ஏற வைத்திருக்கிறார்கள். இங்கே பருமனான தென்னைநார் வடத்தைக் கொண்டு அதைச் சோதிக்கலாம். கீழ் நுனி நீரில் மூழ்கி, மேல் நுனி மேல்பக்க நீரைத் தொட்டு, நடுவில் எங்கும் காயாமல் இருக்க வேண்டும். பக்கச் சுவரில் கட்டுங்கள், ஷட்டரின் திருகுதண்டில் கட்டினால் சிக்கிக்கொள்ளும். நார் இற்றுப்போகும், ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

கான்கிரீட் மீன் ஏணி நல்லதுதான், ஆனால் ஊராட்சிப் பணத்தில் தொட வேண்டிய வேலை அல்ல. நம் கெண்டைகள் ஏற ஒரு படிக்கு 15 செ.மீ.க்கு மேல் இறக்கம் கூடாது. 1.5 மீட்டர் அணைக்குப் பத்துப் படி, ஒவ்வொன்றும் 2 மீட்டர் தொட்டி என்றால் 20 மீட்டர் கட்டுமானம். அதன் கீழ் வாய் மீன் வந்து முட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளிப்போனால் மீன் கண்டுகொள்ளாது. ஒரு வெள்ளத்தில் மணல் மூடினால் யார் எடுப்பது என்பதும் தெரிய வேண்டும். உல்லத்துக்கு இதனாலும் பெரிய பயன் இராது. கங்கையில் 1975-ல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா தடுப்பணைக்கு மேலே அந்த மீன் எப்படிக் குறைந்தது என்பதே போதிய பாடம். புதிய கதவணை கட்டும்போதும் பழையதை இடித்துக் கட்டும்போதும் வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லி நீர்வளத் துறையிடம் மனு கொடுப்பதுதான் ஊர் செய்யக்கூடியது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது ஷட்டர்கள் இடிந்து விழுந்து புதிதாகக் கட்ட நேர்ந்ததைப் போன்ற தருணங்கள் திரும்பத் திரும்ப வருவதில்லை.

வலைக் கட்டுப்பாடு

கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதை அப்படியே ஆற்றுக்கு எடுத்துக்கொள்வதில் பொருள் இல்லை. அந்த நாட்களில் ஆறே இல்லை. டெல்டா ஆற்று மீன் ஏறுவதும் முட்டையிடுவதும் புதுத் தண்ணீர் வரும்போதும் ஐப்பசி மழையிலும்தான். ஆகவே தண்ணீர் வந்த முதல் 30 நாள், அக்டோபர் நடுவிலிருந்து 30 நாள் என்று இரண்டு சிறிய தடைகள் போதும். நீண்ட தடை வைத்தால் ஆற்றை நம்பி வாழும் குடும்பங்கள் மீற வேண்டியதாகிவிடும்.

ஆண்டு முழுவதும் நான்கு விஷயங்கள் கூடாது: மதகு வாயை முழுதாக அடைத்துப் பறி (மீன் பிடிக்கும் கூடை) கட்டுவது, கொசுவலை இழுப்பது, முட்டை சுமந்த இறாலை எடுப்பது, சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலைப் பிடிப்பது. கடைசியது குறிப்பாக வலிக்கும் இழப்பு. தாய் தகப்பனை எடுத்த சில மணி நேரத்தில் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

இந்த வழியின் குறை ஒன்றுதான்: காவல் இல்லாத நீண்ட ஆற்றில் செல்லாது. காவல் உள்ள மடுவிலும் அதன் மேலும் கீழும் 500 மீட்டரிலும் செல்லும்.

தூர்வாரும் வேலை

இது நான்கில் ஒன்று அல்ல, ஆனால் நான்கையும் கெடுக்கக்கூடியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆற்றிலும் வாய்க்காலிலும் பொக்லைன் இறங்கும். தண்ணீர் கடைமடைக்குப் போக அது வேண்டும். ஆனால் ஈர மணலுக்குள் கோடையைத் தாண்டக் காத்திருக்கும் மட்டி, சேற்றுக்குள் மூடிக் கிடக்கும் நத்தை, கரைப் பொந்தில் இருக்கும் விலாங்கும் நண்டும் எல்லாம் அந்தக் கரண்டியில் கரைக்கு ஏறுகின்றன. ஒப்பந்தக்காரர் வேலை தொடங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். கோல் ஊன்றிய மடுவைத் தொட வேண்டாம். ஓர் ஆண்டு ஒரு பக்கக் கரையை மட்டும் வழியுங்கள், மறுகரையின் வேரையும் பொந்தையும் விடுங்கள். 100 மீட்டர் வாரினால் 20 மீட்டர் விட்டுச் செல்லுங்கள், நீரோட்டத்தை அடைக்கும் மண்மேடு இல்லாத இடமாகப் பார்த்து. எடுத்த மண்ணில் தெரியும் மட்டியைப் பொறுக்கி அன்றே மடுவில் சேர்க்க இரண்டு ஆள் போதும். இருபக்கமும் அடியும் சிமெண்ட் போட்ட வாய்க்காலில் இதெல்லாம் எதுவும் செய்ய முடியாது. அங்கே பணம் போடாதீர்கள்.

எந்த ஊருக்கு எது

கொள்ளிடக் கரை ஊர்களுக்கு யோசனையே வேண்டாம், மடு. ஆழமும் இருக்கிறது, நாட்டு மீனும் மிச்சமிருக்கிறது. நடு டெல்டாவின் கிளை ஆறுகளில் மணல் அடியாகவும் இரண்டு மீட்டர் பள்ளமாகவும் கிடைத்தால் மடு. கிடைக்காவிட்டால் பணத்தை வைத்துக்கொண்டு ஷட்டரைப் படிப்படியாக மூடுவதையும் தூர்வாரும் நிபந்தனைகளையும் முதலில் வாங்குங்கள். ஆற்றோடு மதகால் இணைந்த கோயில் குளமோ ஏரியோ இருந்தால் அதையே மடுவாக எண்ணி, அதில் நாட்டினக் குஞ்சு விடலாம். குஞ்சு விடுவதை நாங்கள் ஏற்கும் இடம் இது ஒன்றுதான். நாகை, திருவாரூர்க் கடைமடையில் மடு காப்பது கடினம், கோடையில் உப்பு ஏறும். அங்கே மழைக்கால ஷட்டர் திறப்பும், மதகு வாயில் பறி கட்டாமையும்தான் முதல் வேலை.

காவிரித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறார்கள். அது டெல்டா மடுக்களுக்கும் ஒரு நாள் எட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம். கேட்கும்போது எந்த மடுவுக்கு, எந்த மாதத்தில், எத்தனை செ.மீ. என்று காட்ட அளவுக்கோல் கணக்கு கையில் இருக்கட்டும்.

எடுத்த முடிவு சரியா என்று பார்க்கக் கண்மதிப்பு போதாது. தண்ணீர் வருவதற்கு ஒரு வாரம் முன், ஓரம் 50 செ.மீ. உள்ள மூங்கில் சட்டத்தை மடுவின் ஓரத்தில் பத்து இடத்தில் வைத்து, உள்ளே விரலால் துழாவி மட்டிகளை எண்ணி, நீளம் அளந்து, எடுத்த இடத்திலேயே வையுங்கள். நவம்பரில் அதே இடத்தில் ஐந்து பறியை ஒரு இரவு வைத்து, இறாலையும் மீனையும் இனம் பிரித்து எண்ணி விட்டுவிடுங்கள். மூன்று ஆண்டு இதே மாதம், இதே இடம், இதே எண்ணிக்கைப் பறி. பெரிய மட்டி மட்டும் வந்துகொண்டிருந்தால் மடு பழையதைக் காக்கிறது, புதியது பிறக்கவில்லை என்று பொருள். அப்போது அடுத்த ஆண்டுப் பணமும் முயற்சியும் ஷட்டர் பக்கம் போக வேண்டும். இரண்டு செ.மீ.க்கும் குறைந்த மட்டி சட்டத்துக்குள் தென்படத் தொடங்கினால், அதைச் செவுளில் சுமந்து வந்த மீன் அந்த மடுவுக்கு வந்திருக்கிறது. அங்கே குஞ்சு வாங்கி விட வேண்டியதில்லை.